கோணியூசியின் வால்குடை

ஐவி பிராக்னெல் தைத்த தையல் ஒன்றுகூடப் பிரிந்ததில்லை. இது அவளே சொன்னது. கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். ஆனால் பொய்யில்லை. எங்கள் ஹேவன்ஸ்டோக் ஆற்றுமுகத்தில் அந்தக் காலத்தில் படகுப்பாய் தைக்கிற பட்டறை மட்டும் பதினொன்று இருந்தது. ஊசி பிடித்த கை இருநூறுக்குக் குறையாது. அந்த இருநூறு பேர் கண்ணையும் கட்டிவிட்டு, ஒரு பாயைத் தடவிப் பார்த்து யார் தைத்தது சொல் என்றால், மற்றவர்கள் தையலில் தடுமாறுவார்கள். ஐவியின் தையலை மட்டும் அத்தனை பேரும் சொல்லிவிடுவார்கள். அங்குலத்துக்கு ஐந்து. கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். அப்பா பாய் தைக்கிறவர்தான், ஆனால் பெண்பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று துணி மடிக்கிற வேலையில் போட்டு வைத்தார். அவர் சாப்பிடப் போகிற அரை மணி நேரத்தில், அவர் விட்ட இடத்திலிருந்து நான்கு முழம் தைத்து வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல மடித்துக்கொண்டிருப்பாள். அப்பா அதைத் தன் வேலை என்றே நினைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து முதலாளி வந்து, "ஏம்ப்பா, நீ சாப்பாட்டுக்கு முன்னால தைச்சதைவிட பின்னால தைச்சது ரொம்ப நல்லா இருக்கே, தினம் ரெண்டு தரம் சாப்பிடேன்" என்று சொன்ன பிறகுதான் குட்டு உடைந்தது. அன்று சாயங்காலமே அவளுக்கும் உள்ளங்கைத் தோல் ஒன்று வந்தது. தடித்த ஊசியைத் தள்ளுவதற்குக் கையில் மாட்டிக்கொள்கிற தோல் அது. பிறகு முப்பத்தெட்டு வருடம் அது அவள் கையை விட்டு இறங்கவில்லை.

போர் வந்தது. பாய்ப்பட்டறைகளெல்லாம் பாராசூட் தைத்தன. போர் முடிந்ததும் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த விமானத் தொழிற்சாலை அவளைக் கூப்பிட்டுத் துணிக்கூடத்துக்குத் தலைமை கொடுத்தது. கூடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாற்பது அடி மேசை ஒன்று, தையல் இயந்திரம் மூன்று, ஐவி, அவளுக்கு உதவியாக மேவிஸ். மேவிஸுக்கு முப்பத்தாறு வயது. கையும் வேகம், வாயும் வேகம்.

அந்தத் தொழிற்சாலையில்தான் 1954-இல் அந்த விமானம் பிறந்தது. வரைபட அறைக்காரர்கள் அதற்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. மூக்கு மெலிந்து, வால் தடித்து, பார்க்கக் கோணி தைக்கிற ஊசி மாதிரி இருந்தது. அதனால் கோணியூசி. உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. வேலை ஒன்றே ஒன்று: எதிரியின் குண்டுவிமானம் ஐம்பதாயிரம் அடியில் வருகிறது என்று தெரிந்தால், தரையிலிருந்து கிளம்பி மூன்று நிமிடத்துக்குள் அதன் எதிரே போய் நிற்க வேண்டும். அதற்காக அடியில் ஒரு ஜெட் எஞ்சின், அதற்கு மேல் ஒரு ராக்கெட். மேலே போவதில் அதற்கு எந்தக் கஷ்டமும் இல்லை. இறங்குவதுதான் கஷ்டம். இறக்கை சிறியது, ஆகையால் மெதுவாக வரத் தெரியாது. மணிக்கு நூற்று எழுபது மைலில் தரையைத் தொடும். எங்கள் ஓடுபாதையோ ஒரு மைல்கூடக் கிடையாது. அது முடிகிற இடத்தில் நாலடி கல்சுவர். சுவருக்கு அப்பால் சேறு, சேற்றுக்கு அப்பால் கடல்.

அதனால் வாலில் ஒரு பாராசூட் வைத்தார்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் விமானி ஒரு கைப்பிடியை இழுப்பார். முதலில் ஒரு குட்டிக்குடை துள்ளி வெளியே வரும். அது பெரிய குடையை இழுத்து விரிக்கும். அது காற்றைப் பிடித்துக்கொண்டு விமானத்தைப் பின்னாலிருந்து நிறுத்தும். வால்குடை என்று சொல்லுவோம்.

அந்த வால்குடை முதல் ஆறு சோதனையில் நான்கு தரம் கிழிந்தது. லாரியின் பின்னால் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். துணி முதலில் விரிந்துவிடும், கயிறு பிறகு வந்து வெடுக்கென்று நிற்கும், துணி டாராகக் கிழியும். பட்டம் வாங்கிய ஏழு பேர் மூன்று வாரம் கணக்குப் போட்டார்கள். துணியைத் தடிமனாக்கினார்கள், அப்போதும் கிழிந்தது. ஐவி எட்டாவது ஆளாக லாரிப் பக்கம் வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"பந்தயப் படகுல பாய் ஏத்தறதை உங்கள்ல யாராவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

ஒருவரும் பார்த்ததில்லை.

"கடல் பக்கத்துல இருந்துக்கிட்டு என்னத்தைத்தான் பாத்தீங்க? பாயைச் சுருட்டி, அங்கங்க இத்த நூலால கட்டி, மூடின குடை மாதிரி மேல ஏத்துவாங்க. உச்சிக்குப் போனதும் கீழேயிருந்து ஒரு சுண்டு. கட்டு ஒவ்வொண்ணா பட்டு பட்டுன்னு அறும். பாய் வரிசையா விரியும், ஒரே அடியா விரியாது. இதுக்கும் அதையே செய்யுங்க."

இற்றுப்போன நூல் என்று பெயர்தானே தவிர, அது கடையில் புதிதாக வாங்குகிற பருத்தி நூல்தான். முறுக்கில்லாதது. இரண்டு விரலால் இழுத்தால் அறும். அறுவதுதான் அதன் வேலை. ஐவி வால்குடையைச் சுருட்டி, கயிற்றிலிருந்து துணி உச்சி வரை ஏழு இடத்தில் அந்த நூலால் கட்டினாள். லாரி ஓடியது. கயிறு முழுதும் நீண்ட பிறகுதான் துணி விரிந்தது, பூ மாதிரி விரிந்தது, ஒரு நூல்கூடப் பிரியவில்லை. ஏழு பட்டதாரிகளும் அதை எழுதி, எண் கொடுத்து, முத்திரை குத்திக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். ஐவியின் பெயர் அதில் இல்லை. அதனால் என்ன? அவள்தான் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டதே.

கட்டுப் போடும்போது மட்டும் ஒரு விதி வைத்திருந்தாள். யாரும் வாய் திறக்கக் கூடாது. மேவிஸ் மூக்கால் ராகம் இழுத்தால்கூட ஓர் அதட்டல் விழும். கூடவே தரப் பரிசோதகர் மொகர் நின்று ஒவ்வொரு கட்டையும் பார்த்து, முடிந்ததும் அட்டையில் தன் முத்திரையைக் குத்துவார். செசில் மொகர் ஒல்லியான ஆள். எதைக் கண்டாலும் பெருமூச்சு விடுவார். அவர் முத்திரை இல்லாமல் ஒரு திருகாணிகூட அந்த விமானத்தில் ஏறாது.

1957, அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கோணியூசியின் பதினான்காவது பறப்பு. அதைப் பார்ப்பதற்காக லண்டனிலிருந்து அமைச்சகத்து அதிகாரி ஒருவர் வந்திருந்தார். லத்தம் என்று பெயர். நல்ல மனிதர், கேள்வி கேட்கத் தெரிந்தவர், அதுதான் வினையாகப் போயிற்று. காலை ஒன்பது மணிக்குத் துணிக்கூடத்துக்குள் வந்தவர், ஐவி கட்டுப் போட உட்கார்ந்த நேரம் பார்த்து, "இந்த யோசனை உங்களோடதுதான்னு கேள்விப்பட்டேனே?" என்றார்.

மூன்று வருடமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவள் அவள்! லண்டனிலிருந்து வந்த ஒருவர் கேட்கிறார். விதியாவது ஒன்றாவது. தொடங்கிவிட்டாள். அப்பாவின் சாப்பாட்டு நேரத்திலிருந்து தொடங்கி, முப்பத்தாறாம் வருடத்துப் பந்தயத்தில் புயலடித்துப் பாய்மரமே முறிந்து விழுந்தும் அவள் தைத்த பாய் கிழியாமல் நின்ற கதை வரை சொன்னாள். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். முப்பத்தெட்டு வருடத்துக் கை, அதற்குக் கண் வேண்டுமா? மொகரும் பாய்மரம் முறிந்த இடத்தில் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஏழு கட்டும் விழுந்தது. முத்திரையும் விழுந்தது. குடை வாலுக்குள் போயிற்று.

பதினொன்று பத்துக்குக் கோணியூசி கிளம்பியது. கூடத்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது, பிறகு சத்தம் மேலே போய் மேகத்துக்குள் அடங்கியது. விமானி நோயல் கார்ஸ்டன். போரில் பறந்தவர். இருக்கையில் உட்காருகிற ஒவ்வொரு தடவையும் துணிக்கூடத்துப் பக்கம் கையை ஆட்டிவிட்டுத்தான் கண்ணாடி மூடியை இழுப்பார். எரிபொருள் மொத்தம் நாற்பது நிமிடத்துக்குத்தான்.

தேநீர் வண்டி வந்தது. மேவிஸ் ஒரு பன்னைப் பாதி தின்றுவிட்டு, மீதியைப் பிறகு தின்னலாம் என்று தாளில் சுற்றி, மேசையில் கிடந்த துண்டு நூலை எடுத்துக் கட்டினாள். கட்டி, மிச்ச நுனியை அறுப்பதற்காக வெடுக்கென்று இழுத்தாள். அறவில்லை. மறுபடி இழுத்தாள்.

"சனியனே, விரலை அறுக்குதே ஒழிய அறவே மாட்டேங்குது. ஐவி, கடைக்காரன் இந்தத் தடவை நல்ல நூலை அனுப்பிட்டான் போல."

"எந்த நூலு?"

"நீ காலைல கட்டினதுல மிச்சம்."

ஐவி கோப்பையை வைத்தாள். அந்த நூலை வாங்கி இரண்டு விரலால் இழுத்தாள். சும்மா அறுந்து வர வேண்டிய நூல் விரலில் கோடு போட்டது. மூக்கருகே கொண்டு போனாள். தேன் வாசனை.

பாய் தைக்கிறவர்கள் எல்லோருக்கும் இடுப்பில் கட்டிய ஏப்ரனில் தேன்மெழுகு உருண்டை ஒன்று தொங்கும். நூலை ஊசியில் கோக்கிறதற்கு முன்னால் அந்த மெழுகில் ஓர் இழுப்பு இழுப்பார்கள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஏறாது, லேசில் அறாது. யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, மூச்சு விடுகிற மாதிரி. வால்குடை நூலுக்கு மட்டும் அது ஆகாது. அதற்காகத்தான் பேச்சில்லாத விதி. வாய் பாய்க்கதையைச் சொன்னபோது, கையும் பாய் தைக்கிற நினைப்பிலேயே போய்விட்டது. ஏழு நூலையும் மெழுகில் இழுத்துத்தான் கட்டியிருக்கிறது. குனிந்து உருண்டையைப் பார்த்தாள். புதுக் கோடுகள், வரிசையாக, ஏழு.

 சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபத்தெட்டு காட்டியது.

மொகரைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அவர் தேநீருக்காக அங்கேயேதான் நின்றிருந்தார். நூலை நீட்டினாள். இழுத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"குட்டிக்குடை நல்ல பலமா இழுக்கும், ஐவி. இதையும் அறுத்துடலாம்."

"அறுத்துடலாமா, அறுத்துடுமா?"

"...அறுத்துடலாம்."

"உங்க மாமியாரை அந்த சீட்டுல உக்கார வெச்சு அனுப்புவீங்களா?"

"மாமியாரைன்னா அனுப்புவேன்" என்றார் மொகர். பழக்கதோஷம். உடனே பெருமூச்சும் வந்தது. "அட்டையில என் முத்திரை இருக்கு. பதினேழு வருஷமா தப்பா ஒரு முத்திரை குத்தினதில்ல நான். நாம பாட்டுக்குப் பேசாம இருந்து, அது தானா அறுந்துடுச்சுன்னா, ஒருத்தருக்கும் தெரியப் போறதில்ல."

"அறலைன்னா?"

 ஐவி பதிலுக்கு நிற்கவில்லை. கூடத்து வாசலில் இருந்த சைக்கிளை எடுத்து, கனத்த உடம்பை அதன் மேல் ஏற்றி, ஓடுபாதை ஓரமாக மிதிக்கத் தொடங்கினாள். கட்டுப்பாட்டுக் கோபுரம் முக்கால் மைல். எதிர்காற்று. ஐம்பத்தொரு வயது. எல்லாத் தையலும் பிரிந்தாலும் பரவாயில்லை, இந்த ஏழும் அறட்டும் என்று மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் சொல்லிக்கொண்டே போனாள். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் கைக்கட்டு அறுந்து போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

கோபுரத்து வாசலில் காவல்காரன் மறித்தான். "மேல விருந்தாளிங்க இருக்காங்க அம்மா, இப்ப யாரையும் விடக் கூடாது."

"நகருடா! உன் அம்மாவுக்குக் கல்யாண கவுன் தைச்சவ நான்!"

நகர்ந்தான். உண்மையிலேயே தைத்தவள்தான்.

மேலே வயர்லெஸ்ஸின் முன்னால் ஃபிளெட் என்கிற அதிகாரி உட்கார்ந்திருந்தார். பின்னால் தொழிற்சாலை மேலாளர். பக்கத்தில் கையில் கோப்பையோடு லத்தம். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மூச்சு வாங்க, ஏப்ரனில் நூல்தூசியோடு நிற்கிற ஒருத்தி. காலையில் எந்த மனிதரிடம் தன் தையல் பிரிந்ததில்லை என்று மூச்சு விடாமல் சொன்னாளோ, அதே மனிதர் எதிரில் சொல்ல வேண்டியிருந்தது.

"குடை விரியாது" என்றாள். "நூல்ல மெழுகு ஏத்திட்டேன். என் தப்பு."

"என் தப்பும்தான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மொகர். அவரும் எங்கேயோ ஒரு சைக்கிளைப் பிடித்து வந்திருந்தார், மூச்சு அவளைவிட மோசமாக வாங்கியது. "முத்திரை என்னுது."

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் ஃபிளெட் ஒலிவாங்கியில் பேசிவிட்டார். கார்ஸ்டனின் குரல் மேலேயிருந்து கரகரவென்று வந்தது.

"யாரு? ஐவியா? கோபுரத்துலயா? நிஜமாவா சொல்றீங்க? குடுங்க அவங்களை."

ஐவி அதில் பேசியதே இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ்டர் கார்ஸ்டன், குடையை நம்பாதீங்க. நூலுக்கு மெழுகு போட்டுட்டேன். அறாது."

"எத்தனை கட்டுல?"

"ஏழுலயும். நான் எதைச் செஞ்சாலும் அரைகுறையாச் செய்யறதில்ல."

மேலேயிருந்து முதலில் இரைச்சல். பிறகு ஒரு சிரிப்பு. "அதுதான் எனக்குத் தெரியுமே, அம்மா. சரி, அப்ப இங்க இறங்கக் கூடாது. ஃபிளெட், அப்ஹில்டன்ல கேளுங்க. எரிபொருள் பதினோரு நிமிஷத்துக்கு இருக்கு. போறதுக்கு ஏழு."

அப்ஹில்டன் விமானப்படையின் பெரிய தளம். நாற்பது மைல் வடக்கே, சுண்ணாம்பு மேட்டின் மேல். ஓடுபாதை இரண்டு மைலுக்கு மேல், முடிகிற இடத்தில் கல்சுவரும் இல்லை, கடலும் இல்லை, வயல்தான். ஃபிளெட் தொலைபேசியைச் சுழற்றினார். அங்கே பாதையைக் காலி செய்யச் சொன்னார், தீயணைப்பு வண்டி கேட்டார். பிறகு வைத்துவிட்டார். கோணியூசி மேகத்துக்கு அப்பால் போய்விட்டது, வயர்லெஸ்ஸும் மங்கிவிட்டது. இனி தொலைபேசி அடித்தால்தான் உண்டு.

 ஜன்னலுக்கு வெளியே ஓடுபாதை காலியாகக் கிடந்தது. அதன் கோடியில் அந்தக் கல்சுவர். ஐவி அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. கார்ஸ்டனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் என்று மட்டும் ஞாபகம் வந்தது. பெயர் ஞாபகம் வரவில்லை. அது ஏனோ பெரிய குற்றம் போலத் தோன்றியது. மொகர் பெருமூச்சுகூட விடாமல் நின்றார். பத்து நிமிடம் ஆயிற்று. பதினொன்று. பன்னிரண்டு.

தொலைபேசி அடித்தது.

ஃபிளெட் எடுத்தார். "ம்" என்றார். "ம். ம்." அந்த மனிதருக்கு முகம் என்று ஒன்று இருந்தும் பயனில்லை, அதில் ஒன்றும் தெரியாது. கடைசியில் தொலைபேசியை மார்பில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"இறங்கிட்டார். ரெண்டு டயரும் போச்சு, பாதை முழுசும் தேவைப்பட்டுச்சாம், கடைசி ஐம்பது கஜம்தான் பாக்கி. ஆளுக்கு ஒரு கீறல் இல்ல." தொலைபேசியை வைத்தார். "இறங்கினதும் பார்க்கலாமேன்னு கைப்பிடியை இழுத்துப் பார்த்திருக்கார். குடை வெளிய வந்துச்சாம். கட்டினது கட்டினபடி, சாஸேஜ் மாதிரி பின்னால இழுபட்டுக்கிட்டே வந்துச்சாம். ஒரு கட்டுகூட அறலையாம்."

ஐவி நின்ற இடத்திலேயே சரிந்தாள். மொகர் பிடித்தார், அவரால் அந்த எடையைத் தாங்க முடியவில்லை, இரண்டு பேருமாகச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள். மொகர் சிரிக்க ஆரம்பித்தார். பதினேழு வருடத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பெருமூச்சுகளையெல்லாம் மொத்தமாகச் சேர்த்துத் திருப்பி விடுகிற மாதிரி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஐவிக்கோ உடம்பு முழுதும் லேசாகிவிட்டது, கை கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இங்கே இறங்கியிருந்தால் அந்தச் சுவர். அதைத் தாண்டிச் சேறு. இல்லை, கார்ஸ்டன் அப்ஹில்டனில் நின்றுகொண்டு சாஸேஜ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நினைக்க நினைக்கச் சுகமாக இருந்தது.

லத்தம் குனிந்து தன் தேநீரை அவளிடம் நீட்டினார். "நான்தான் பேச்சுக் குடுத்தேன், மிஸ்ஸஸ் பிராக்னெல்."

"ஆமாம், நீங்கதான்" என்றாள் ஐவி. வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். "ஆனா கதை நல்லா இருந்துச்சில்ல?"

மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "விமானம் முதல்ல வீடு வந்து சேரட்டும். உங்க ரெண்டு பேர் விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அந்த மனிதர் அப்புறம் பேசிக்கலாம் என்று சொன்னால், பெரும்பாலும் ஆட்கள் தங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்தான் முடியும்.

ஆனால் விமானம் வீடு வருவதற்கு ஒரு குடை வேண்டும். வியாழக்கிழமை காலை புது டயர்களோடு லாரி அப்ஹில்டனுக்குக் கிளம்ப இருந்தபோது, அங்கிருந்து கார்ஸ்டன் தொலைபேசியில் மேலாளரைக் கூப்பிட்டார். பேச்சு அரை நிமிடம்கூட இல்லை. வெளியே இருந்த தட்டச்சுக்காரி கேட்டு, மத்தியானத்துக்குள் தொழிற்சாலைக்கே சொல்லிவிட்டாள். "ஐவி கட்டாத குடையை வெச்சுக்கிட்டு நான் அந்தக் குட்டிப் பாதையில இறங்க மாட்டேன். மொகர் முத்திரை இல்லாமலும் மாட்டேன். வேணும்னா நீங்களே ஓட்டிட்டு வாங்க." இவ்வளவுதான் சொன்னாராம்.

லாரியில் ஐவி, மொகர், மேவிஸ், புதுக் குடை ஒன்று. அப்ஹில்டன் கொட்டகையில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். விமானப்படைப் பையன்கள் முப்பது பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். மெழுகு போட்ட அம்மா இவங்கதானா என்று ஒருவன் குசுகுசுத்தான்.

"இவங்கதான்" என்றாள் மேவிஸ் சத்தமாக. "இனிமே பேசறவன் வாயை இவங்களே தைச்சு விடுவாங்க. அங்குலத்துக்கு அஞ்சு."

 ஐவி ஏப்ரனை அவிழ்த்து, மெழுகோடு சேர்த்து மேவிஸிடம் கொடுத்தாள். ஒவ்வொரு நூலையும் வெட்டி, அதன் துண்டு ஒன்றைக் கார்ஸ்டன் கையில் கொடுத்தாள். அவர் இரண்டு விரலால் இழுத்தார், அறுந்தது. பிறகுதான் கட்டினாள். ஏழு தடவை அப்படி. மொகர் மூக்கு மேசையில் இடிக்கிற மாதிரி குனிந்து ஒவ்வொன்றையும் பார்த்தார். நடுவில் யாரோ தும்மினார்கள். ஐவி போட்ட கட்டைப் பிரித்து, அதை மட்டும் மறுபடி போட்டாள். மொகர் முத்திரையை எடுத்து, அட்டை மேசையோடு ஒட்டிப்போகிற மாதிரி குத்தினார்.

"நான் ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் கிளம்பாதீங்க" என்றாள் கார்ஸ்டனிடம். "எனக்குக் கண்ணால பாக்கணும்."

"லாரிக்கு ரெண்டு மணி நேரம் ஆகுமே அம்மா. எனக்கு ஏழு நிமிஷம்."

"அப்ப சாப்பிட்டுட்டு வாங்க. இன்னிக்கு இங்க ஆட்டிறைச்சியாம், வாசனை வருது."

மூன்றரை மணிக்கு ஐவி எங்கள் ஓடுபாதை ஓரத்துப் புல்லில் நின்றாள். அவள் மட்டுமா? தச்சர்கள், உலோகம் அடிப்பவர்கள், தட்டச்சுக்காரி, சமையற்கட்டுப் பெண்கள், மேலாளர், எல்லோரும். மேகம் தாழ்ந்து லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது, சத்தம் பின்னால் வந்தது. கோணியூசி மூக்கைத் தூக்கிக்கொண்டு, சேற்றின் மேலோ சுவரின் மேலோ அல்ல, எதிர்ப்பக்கம் மரங்களின் மேல் வந்து சக்கரத்தைத் தரையில் வைத்தது. புகை. அது ஓடிவந்த வேகத்தைப் பார்த்து முன்னால் நின்றவர்கள் தாமாகவே ஒரு அடி பின்னால் வைத்தார்கள்.

வாலில் குட்டிக்குடை துள்ளியது. கயிறு நீண்டது. ஐவி உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். அறுகிற சத்தம் அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது. தனக்குக் கேட்டது என்று அவள் சாகிற வரை சொன்னாள், அதை மறுக்க ஊரில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று. துணி நுனியில் மூச்சு வாங்கியது. ஏழாவது அறுந்ததும் குடை முழு வெள்ளையாக விரிந்து, கோணியூசியைக் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இழுத்து, மெதுவாக்கி, நடுப் பாதையிலேயே நிறுத்திவிட்டது.

புல்லில் நின்றவர்கள் தொப்பியை எறிந்தார்கள். மேவிஸ் மொகரைக் கட்டிக்கொண்டாள், அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நின்றார். மேலாளர் ஐவியின் பக்கத்தில் வந்து நின்று, தொண்டையைச் செருமினார்.

"பதினாறாவது பறப்பு திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு இருந்தா போதுமா, மிஸ்ஸஸ் பிராக்னெல்?"

"ஏழரைக்கே வந்துடறேன்" என்றாள். "லண்டன்காரங்க யாரும் வரலைல்ல?"

அதற்குள் கோணியூசி மெல்லத் திரும்பிக் கொட்டகையை நோக்கி நகர ஆரம்பித்தது. குடை காற்றிழந்து தொய்ந்து, நனைந்த தார்ப்பாதையில் தேய்ந்துகொண்டே பின்னால் வந்தது. கார்ஸ்டன் மூடியைத் திறந்து, எழுந்து நின்று, பெரிய சிரிப்போடு இரண்டு கையையும் ஆட்டினார். ஐவி புல்லை விட்டுப் பாதையில் இறங்கி, அந்த இரைச்சலையும் மீறிக் கேட்கிற குரலில் கத்திக்கொண்டே அவரை நோக்கி ஓடினாள்.

"குடையைக் கழட்டி விடுங்க! கழட்டி விட்டுட்டு நகருங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது? ஈரத்துல இழுத்தா துணி என்னத்துக்கு ஆகும்? கழட்டுங்க முதல்ல!"